ராப்பில் இரண்டாவது ஆல்பம் என்றாலே சறுக்கல்தானா?

பழைய கேசட்
அமெரிக்க ராப்பர் நாஸின் முதல் இரண்டு ஆல்பங்களையும் நேற்று ராத்திரி அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டேன். வருத்தமாகிவிட்டது. 1994-இல் வந்த 'இல்மேட்டிக்' பத்தே தடங்கள், நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும், அப்போது அவருக்கு வயது 20, ஆனால் அவர் வளர்ந்த நியூயார்க் குயின்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பே கண்முன் வந்து நிற்கும். 1996-இல் 'இட் வாஸ் ரிட்டன்' வரும்போது அதே ஆள் எஸ்கோபார் என்று பெயர் வைத்துக்கொண்டு மாஃபியா தலைவன் மாதிரி பேசுகிறார். ராப்பர் ஸ்னூப் டாக்குக்கும் இதேதான், முதலாவது 'டாகிஸ்டைல்' எங்கே, இரண்டாவது 'தி டாக்ஃபாதர்' எங்கே. முதல் ஆல்பத்துக்கு அதுவரை வாழ்ந்த வாழ்க்கை முழுதும் கையில் இருக்கிறது. இரண்டாவதுக்குக் கம்பெனி தருவது ஒன்றரை வருடம். அதில் என்ன எழுத முடியும்?

தாளக்காரன்
அண்ணா, அந்த ஒன்றரை வருடக் கணக்குதான் எனக்கு இடிக்கிறது. பப்ளிக் எனிமி குழுவின் முதல் ஆல்பம் 1987, அடுத்த வருடமே 'இட் டேக்ஸ் எ நேஷன் ஆஃப் மில்லியன்ஸ்'. முதலாவதை இன்று எத்தனை பேர் தேடிக் கேட்கிறார்கள்? எ ட்ரைப் கால்ட் குவெஸ்ட் குழு 1990-இல் அறிமுகம், 1991 செப்டம்பரில் 'தி லோ எண்ட் தியரி'. கான்யே வெஸ்டின் முதல் இரண்டு ஆல்பங்கள் 2004, 2005. எல்லாம் ஏறக்குறைய ஒன்றரை வருட இடைவெளிதான். நீங்கள் சொன்ன நாஸ் இரண்டு வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார், ஸ்னூப் மூன்று வருடம். நேரம் கிடைத்தவர்கள்தான் உங்கள் பட்டியலில் சறுக்கியிருக்கிறார்கள்!

பழைய கேசட்
தம்பி, ஸ்னூப் அந்த மூன்று வருடத்தில் ஸ்டூடியோவிலா உட்கார்ந்திருந்தார்? கொலை வழக்கு நடந்துகொண்டிருந்தது, 1996 தொடக்கத்தில்தான் விடுதலை. அதே வருடம் இசைத் தயாரிப்பாளர் டாக்டர் ட்ரே, அவர்கள் இருந்த டெத் ரோ கம்பெனியை விட்டே போய்விட்டார். முதல் ஆல்பத்தின் சத்தமே ட்ரே கட்டியது, அவர் இல்லாமல் அது எப்படி வரும்? சரி, நேரத்தைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் வெற்றி வந்ததும் கூட இருந்த ஆட்கள் மாறிவிடுகிறார்கள், அது உண்மை. 'இல்மேட்டிக்'கில் இசை போட்டவர்கள் பிரீமியர், பீட் ராக், கியூ-டிப், லார்ஜ் புரொபசர். அடுத்ததில் பெரும்பகுதி ட்ராக்மாஸ்டர்ஸ் என்ற தயாரிப்பு ஜோடியின் கையில். ரேடியோவுக்காகப் போட்ட பீட்டில் (பின்னணி இசையில்) எழுத்து கரைந்துபோகிறது.

நள்ளிரவு ரேடியோ
இடையில் வருகிறேன், மன்னிக்கவும். நாம் எந்த ஆல்பத்தை முதலாவது என்று எண்ணுகிறோம்? எமினெமுக்கு 1996-இல் 'இன்ஃபினிட்' என்று ஒன்று உண்டு, டெட்ராய்டிலேயே பெரிதாக விற்கவில்லை. அதை எண்ணினால் 'தி ஸ்லிம் ஷேடி எல்பி'தான் அவருடைய இரண்டாவது. மாப் டீப் குழுவின் 1993 முதல் ஆல்பம் கவனிக்கப்படாமலே போனது, 1995-இல் 'தி இன்ஃபேமஸ்' வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. ஃப்யூஜீஸ் குழுவும் அப்படித்தான், எல்லோருக்கும் தெரிந்த 'தி ஸ்கோர்' அவர்களின் இரண்டாவது. முதல் ஆல்பமே உச்சத்தைத் தொட்டவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு, அடுத்தது இறங்கிவிட்டதே என்றால் எப்படி? உச்சியில் நிற்பவன் அடுத்த அடி எங்கே வைத்தாலும் இறக்கம்தானே.

தாளக்காரன்
இதைத்தான் நான் சொல்ல வந்தேன், எனக்குச் சரியாக வரவில்லை. அப்புறம் அண்ணா, ஆள் மாறினால் கெட்டுவிடும் என்பதும் பாதிதான். கான்யே இரண்டாவது ஆல்பத்துக்கு ஜான் பிரையனைக் கூட்டி வந்தார், அதுவரை ராப் பக்கம் அவ்வளவாக வராத ஆள், சினிமாவுக்கு இசையமைத்துக்கொண்டிருந்தவர். அந்த வயலின்கள் வந்ததும் பாட்டின் அகலமே மாறிவிட்டது. ட்ரைப்பில் இன்னும் அழகு, முதல் ஆல்பத்தில் சில பாட்டுகளில் மட்டும் தலைகாட்டிய அந்தக் குழுவின் ராப்பர் ஃபைஃப், இரண்டாவதில் முதன்மை ராப்பர் கியூ-டிப்புக்குச் சமமாக நிற்கிறார். ஒரு பாட்டுக்கு ஜாஸ் மேதை ரான் கார்ட்டரே வந்து பேஸ் வாசித்துக் கொடுத்தார். பேரும் பணமும் வராமல் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா?

பழைய கேசட்
ட்ரைப் விஷயத்தில் உன்னோடு சண்டை இல்லை, 'தி லோ எண்ட் தியரி' எனக்கும் உயிர். ஆனால் நாஸை விட்டுக்கொடுக்க மாட்டேன். விற்பனைக் கதையைக் கொண்டுவராதே, 'இட் வாஸ் ரிட்டன்' அமெரிக்க பில்போர்டு ஆல்பம் பட்டியலில் முதல் இடத்தில் நுழைந்தது எனக்கும் தெரியும்.

தாளக்காரன்
விற்பனை வேண்டாம். அதில் வரும் 'ஐ கேவ் யூ பவர்' கேட்டீர்களா, சொல்லுங்கள். துப்பாக்கியே தன் கதையைத் தன் வாயால் சொல்லும், கையில் பிடித்தவன் சுடப் பார்க்கும்போது மறுத்து முரண்டுபிடிக்கும். பீட் பிரீமியர் போட்டது. 'இல்மேட்டிக்' எழுதிய பையனுக்கு இந்தத் துணிச்சல் இன்னும் வந்திருக்கவில்லை என்பது என் கருத்து.

பழைய கேசட்
அந்தப் பாட்டு வேறு ரகம், ஒத்துக்கொள்கிறேன். அது முழு ஆல்பமாக இருந்திருந்தால் இந்தப் பேச்சையே எடுத்திருக்க மாட்டேன்.

நள்ளிரவு ரேடியோ
அண்ணா, அதே ஆல்பத்தில் பாடகி லாரின் ஹில் வரும் அந்தக் கடைசிப் பாட்டையும் இன்னொரு தரம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.