ஓட்டு போடு, வரி போடு, கேஸ் போடு: இங்கிலீஷில் எல்லாவற்றுக்கும் வேறு வேறு வெர்பா?

கொருக்குப்பேட்டை பையன்:
வணக்கம். பேங்க் தேர்வுக்குப் படிக்கிறேன். கிராமரில் எப்படியோ தப்பித்துவிடுகிறேன், அரசியல் செய்தியை வைத்து கோடிட்ட இடம் கேட்டால்தான் மாட்டிக்கொள்கிறேன். தமிழில் 'போடு' ஒன்று போதும். ஓட்டு போடலாம், வரி போடலாம், கேஸ் போடலாம், கூட்டம் போடலாம், சட்டம்கூடப் போடலாம். இங்கிலீஷில் ஒவ்வொன்றுக்கும் தனி வெர்ப். தேர்தலை 'ஹோல்ட்' செய்கிறார்களா 'கண்டக்ட்' செய்கிறார்களா, வேட்பாளர் 'கன்டெஸ்ட்' செய்கிறாரா 'ஸ்டாண்ட்' செய்கிறாரா 'ரன்' செய்கிறாரா, பார்த்தால் எல்லா ஆப்ஷனும் சரி மாதிரியே இருக்கிறது. மனப்பாடம் செய்வதைத் தவிர வழி உண்டா? அப்புறம், 2017 ஏப்ரலில் எங்கள் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலை நிறுத்தினார்களே, அதற்கு 'கவுன்டர்மேண்ட்', 'ரிசிண்ட்', 'கேன்சல்' என்று ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். எது சரி?

பெரம்பூர் பழைய புரூஃப் ரீடர்:
தம்பி, பட்டியல் மனப்பாடம் தேர்வு ஹால் வாசல் வரைக்கும்கூட நிற்காது. வெர்பைத் தேடுவதற்கு முன்னால், இந்த வேலையை யார் செய்கிறார்கள், அதைச் செய்ய யாருக்கு அதிகாரம் என்று பார். பாதி ஆப்ஷன் அங்கேயே அடிபட்டுவிடும்.

ஓட்டையே எடுத்துக்கொள். வாக்காளர் அதை 'காஸ்ட்' செய்கிறார், வேட்பாளர் இத்தனை ஆயிரம் ஓட்டு 'போல்' செய்கிறார், அதாவது வாங்குகிறார். அதே வேட்பாளர் மனுவை 'ஃபைல்' செய்வார், மனசு மாறினால் 'வித்ட்ரா' செய்வார், செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காமல் தோற்றால் டெபாசிட்டை 'ஃபார்ஃபிட்' செய்வார் ('லூஸ்' என்றும் எழுதலாம், பேச்சில் அதுதான்).

சட்டமன்றத்துக்குள் வந்தால் இன்னும் தெளிவு. மசோதாவை அமைச்சர் 'இன்ட்ரடியூஸ்' செய்வார், சபை 'பாஸ்' செய்யும், ஆளுநர் 'அசென்ட்' (ஒப்புதல்) கொடுப்பார், அல்லது அதை 'வித்ஹோல்ட்' செய்வார், அதாவது கொடுக்காமல் நிறுத்திவைப்பார், அல்லது குடியரசுத் தலைவருக்காக மசோதாவை 'ரிசர்வ்' செய்வார். "ஆளுநர் பாஸ் செய்தார்" என்று எழுதியிருந்தால் அது தப்பு ஆப்ஷன், யோசிக்கவே வேண்டாம். சபாநாயகர் சபையை 'அட்ஜர்ன்' (ஒத்திவைப்பு) மட்டும்தான் செய்ய முடியும். 'சம்மன்' (கூட்டுவது), 'ப்ரோரோக்' (கூட்டத்தொடரை முடித்துவைப்பது), 'டிசால்வ்' (கலைப்பது) மூன்றும் அரசியலமைப்பின் 174வது பிரிவின்படி ஆளுநருடையவை. பதவியேற்பிலும் அப்படியே, அமைச்சர் உறுதிமொழியை 'டேக்' செய்கிறார், ஆளுநர் 'அட்மினிஸ்டர்' செய்கிறார். நம்பிக்கை வாக்கை ஆட்சியில் இருப்பவர் 'சீக்' செய்வார், நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை எதிர்க்கட்சி 'மூவ்' செய்யும். 1999இல் வாஜ்பாய் ஒரே ஒரு ஓட்டில் தோற்றது முதல் வகை. இதை இரண்டாவது வகையோடு குழப்புகிறவர்கள் ஏராளம்.

ஆர்.கே.நகருக்கு 'ரிசிண்ட்'தான். பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தல் ஆணையம் தன் அறிவிக்கையையே திரும்பப் பெற்றது, புதிதாக அறிவித்து டிசம்பர் 21இல் நடத்தியது. 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலுக்கும் அதே வெர்ப், ஆனால் எழுவாய் வேறு. பொதுத்தேர்தல் அறிவிக்கை குடியரசுத் தலைவர் பெயரில் வந்தது, அதனால் ஆணையம் பரிந்துரைக்க, 'ரிசிண்ட்' செய்தது குடியரசுத் தலைவர். 'கவுன்டர்மேண்ட்', அதாவது தேர்தலை ரத்து செய்வது, இன்றைக்கும் சட்டத்தில் இருக்கிறது, வாக்குச்சாவடியைக் கைப்பற்றும் விவகாரத்தில். அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளர் இறந்துபோனால் 1996 திருத்தத்துக்குப் பிறகு 'அட்ஜர்ன்'. பேப்பர்காரர்கள் தலைப்பில் இடம் பார்த்து எதையாவது போடுவார்கள், அதை வைத்துப் படிக்காதே.

வியாசர்பாடி டியூஷன் அக்கா:
சார் சொன்னது சரி, ஆனால் எல்லாமே அதிகாரத்தால் தீராது, சிலது ஊர்ப் பழக்கம். இங்கிலாந்தில் வேட்பாளர் 'ஸ்டாண்ட்' செய்வார், அமெரிக்காவில் 'ரன்' செய்வார், நம் பேப்பரில் 'கன்டெஸ்ட்'. மூன்றும் சரி. 'கன்டெஸ்ட்' வந்தால் பின்னாலேயே நேராக 'தி எலெக்‌ஷன்' வரட்டும், நடுவில் 'ஃபார்' சொருகாதே, மற்ற இரண்டுக்கும் 'ஃபார்' வேண்டும். என்னிடம் படிக்கிற பிள்ளைகள் அதிகம் மார்க் விடுகிற இடம் இதுதான்.

'டேபிள்' இன்னும் மோசம். இங்கிலாந்தில் தீர்மானத்தை 'டேபிள்' செய்தால் விவாதத்துக்குக் கொண்டுவருகிறார்கள், அமெரிக்காவில் அதே சொல்லுக்குக் கிடப்பில் போடுவது என்று பொருள். நாம் இங்கிலாந்து பக்கம். பட்ஜெட்டுக்கு மட்டும் 'ப்ரெசென்ட்' என்று எழுது, பிரச்சினை இல்லை.

'ஹோல்ட்', 'கண்டக்ட்' இரண்டில் எதையும் தப்பு என்று சொல்ல முடியாது. அரசியலமைப்பின் 324வது பிரிவிலேயே 'கண்டக்ட்' இருக்கிறது. எழுவாய் தேர்தல் ஆணையம் என்றால் அதைப் போடு, நாடு அல்லது மாநிலம் என்றால் 'ஹோல்ட்' காதுக்கு நன்றாக இருக்கும்.

கொருக்குப்பேட்டை பையன்:
நன்றி சார், நன்றி அக்கா. என் 'போடு' லிஸ்டில் இன்னும் பாக்கி இருக்கிறதே. வரி, கேஸ், கோஷம், கூட்டணி, ஸ்டிரைக்?

காசிமேடு யூனியன்காரன்:
வரி 'லெவி' அல்லது 'இம்போஸ்', கேஸ் 'ஃபைல்', கோஷம் 'ரெய்ஸ்', கூட்டணி 'ஃபார்ம்' அல்லது 'ஃபோர்ஜ்'. ஸ்டிரைக்கை யூனியன் 'கால்' செய்யும், தொழிலாளி 'கோ ஆன்' செய்வான், பேச்சுவார்த்தை முடிந்தால் யூனியன் 'கால் ஆஃப்' செய்யும். நடுவில் கோர்ட்டுக்குப் போனால் 'ஸ்டே'யை நீதிபதி 'கிராண்ட்' செய்வார், நீக்கும்போது 'வெக்கேட்' செய்வார். அங்கே 'கேன்சல்' ஆப்ஷனில் இருந்தால் தொடாதே.