தம்பி பரோலில் வரப்போகிறான், என் வீட்டு முகவரியைக் கொடுக்கலாமா?

பீனிக்ஸ்_மூத்தவன்

எல்லாருக்கும் வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் பீனிக்ஸில் இருக்கிறேன். என் தமிழ் சனிக்கிழமை வகுப்புத் தமிழ், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வேறு குழுக்களில் இதைக் கேட்க முடியாது, அங்கெல்லாம் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

என் தம்பிக்கு வயது 31. சுகர்ஸ் என்கிற போதைப் பழக்கம். அம்மாவின் செயினில் ஆரம்பித்து, அப்புறம் என் ட்ரில் மெஷின், அப்புறம் பக்கத்து வீட்டு கேஸ் சிலிண்டர் என்று போய், கடைசியில் ஒரு வீட்டை உடைத்துத் திருடிய வழக்கில் 6 வருடம் போட்டார்கள். மூன்று முடியப்போகிறது. போன வாரம், பரோலில் வருகிறவர்களைக் கண்காணிக்கும் கம்யூனிட்டி கரெக்‌ஷன்ஸிலிருந்து ஓர் அம்மா போன் செய்து, பரோலுக்கு என் முகவரியைத்தான் கொடுத்திருக்கிறான், வீட்டைப் பார்க்க வரவேண்டும், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலே கொடுத்திருக்கிறான்! யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

வீட்டில் மனைவி, 13 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பெண் பிள்ளைகள், அம்மா. அப்பா அவன் உள்ளே இருக்கும்போதே போய்விட்டார். அம்மா தினமும் விளக்கேற்றும்போது அவன் பெயரைச் சொல்லி அழுகிறார். மனைவி அழுவதில்லை, பேசுவதும் இல்லை, அதுதான் எனக்குப் பயம்.

நான் முடியாது என்றால் அவன் உள்ளேயே கிடப்பானா? சரி என்றால் என் வீட்டுக்கு என்ன ஆகும்? அவனுக்கு வேலை ஏதாவது கிடைக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திட்டுவதானாலும் பரவாயில்லை.

வெளியே_வந்தவன்

அண்ணா, நான் 10 வருடத் தண்டனையில் 5 முடித்து 2016-இல் பரோலில் வந்தவன். என்ன குற்றம் என்று எழுதப்போவதில்லை.

முதலில் ஒன்று. பாதி முடிந்தால் வெளியே விட்டுவிடுவார்கள் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பாதி முடிந்தால் பரோல் போர்டு முன்னால் உட்காரலாம், அவ்வளவுதான். 24 மாதத்துக்கு மேற்பட்ட தண்டனை எல்லாம் அந்த போர்டுக்குத்தான் போகும். அதில் சிறைத் துறையின் ஆள் இருப்பார், வெளியிலிருந்து பொதுமக்கள் சார்பில் இரண்டு பேர் இருப்பார்கள். செய்த குற்றம், உள்ளே நடந்துகொண்ட விதம், என்னென்ன வகுப்பு முடித்தான், வெளியே போனால் எங்கே இருப்பான், யார் பார்த்துக்கொள்வார்கள், எல்லாம் அந்தக் கோப்பில் இருக்கும். நீங்கள் முடியாது என்றால் அவன் வேறு முகவரி தேட வேண்டும். தேடிக் கிடைக்காமல் தேதி தள்ளிப்போனவர்களை என் செல்லிலேயே பார்த்திருக்கிறேன். அண்ணன் தம்பி நாலு பேர் இருந்தும் ஒருவர்கூட போனை எடுக்கவில்லை.

இனி உங்கள் வீடு. யாரும் முன்னாலேயே சொல்லாததை நான் சொல்கிறேன், பரோல் என்றால் விடுதலை இல்லை, மீதி மூன்று வருடத்தை உங்கள் வீட்டில் கழிப்பது. இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார்கள். அதிகாரி சொல்லாமல் வருவார், இரவிலும் வருவார், போனிலும் கூப்பிடுவார். உங்கள் கேட்டைத் தட்டும்போது நாய் குரைக்கும், எதிர் வீட்டில் திரை விலகும். அனுமதி இல்லாமல் வீடு மாற முடியாது, மாவட்ட எல்லையைத் தாண்ட முடியாது. குடித்தாலோ போதையில் பிடிபட்டாலோ திரும்ப உள்ளேதான். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கவேண்டும் என்றால்கூட முன்னாலேயே போய்க் கேட்கவேண்டும், முருகன் அழைத்தான் என்று சொல்லிவிட்டுக் கிளம்ப முடியாது.

ஆனால் இதெல்லாம் பழகிவிடும். பழகாதது வேறு. உள்ளே பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் இரவுச் சாப்பாட்டையும் கொடுத்துப் பூட்டிவிடுவார்கள். அதனால் ரொட்டியை ஒளித்துவைத்து ராத்திரி தின்பது பழக்கம். நான் வெளியே வந்த பிறகும் எல்லாரோடும் உட்கார்ந்தால் சாப்பாடு இறங்காது, இரவு பதினொரு மணிக்கு எழுந்து இருட்டில் நின்றபடி ரொட்டி தின்பேன். ஒருநாள் காலையில் அண்ணி பாக்கெட்டை எடுத்து ரொட்டித் துண்டுகளை எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டேன். அவர் என்னைத் திருடன் என்று சொல்லவில்லை. வெறுமனே எண்ணினார். அன்றைக்குத் திரும்ப உள்ளே போய்விடலாமா என்று தோன்றியது, பொய் சொல்லவில்லை. அவரைக் குறை சொல்லவும் எனக்கு உரிமை இல்லை, அவர் வீட்டில் எதையெல்லாம் எண்ணாமல் விட்டதால் என்ன ஆனது என்று எனக்கே தெரியும்.

அதனால் எண்ணுவதாக இருந்தால் அவன் முன்னாலேயே எண்ணுங்கள், அவனிடம் சொல்லிவிட்டு எண்ணுங்கள். இன்னொன்று, உடம்பில் புதிதாக 26, 28 என்று ஏதாவது பச்சை குத்தியிருந்தால் முதல் நாளே விசாரிக்காதீர்கள். அவை சிறைக் கும்பல்களின் பெயர்கள். அந்த நம்பர் கும்பலில் விரும்பிச் சேருகிறவனும் உண்டு, படுக்க இடம் வேண்டும் என்பதற்காகச் சேருகிறவனும் உண்டு.

கடைக்காரன்

எல்லாரும் அண்ணனை உருக வைக்கிறீர்கள், நான் மறுபக்கம் சொல்கிறேன். என் கடையை மூன்று தடவை உடைத்தார்கள். மூன்றாவது தடவை பிடிபட்டவன் பரோலில் வந்தவன், அவன் அம்மாவும் விளக்கேற்றி அழுகிறவர்தான்.

வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். உங்கள் மனைவி பேசாமல் இருப்பதே பதில், அது உங்களுக்குக் கேட்கவில்லையா? முடியாது என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது, அதற்காக நீங்கள் கெட்ட அண்ணன் ஆகிவிட மாட்டீர்கள்.

இன்னொரு கேள்வி. அவன் உடைத்த வீடு எங்கே இருக்கிறது? அந்த வீட்டுக்காரரைப் பற்றி இதுவரை இங்கே யாரும் ஒரு வரிகூட எழுதவில்லை. பாதிக்கப்பட்டவர்களும் பரோல் போர்டில் தங்கள் கருத்தைச் சொல்லச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

டோங்காட்_தாத்தா

தம்பி, சிறை என்றதும் இப்படிக் கூனிக் குறுக வேண்டாம். இந்த நாட்டுத் தமிழனுக்குச் சிறை புதிதா? தில்லையாடி வள்ளியம்மை 1913-இல் மாரிட்ஸ்பர்க் சிறைக்குப் போனபோது வயது 15, கடின உழைப்போடு மூன்று மாதம். காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22-இல் செத்துப்போனாள். அதற்கும் முன்னால், 1909-இல், நாகப்பன் என்ற பதினெட்டு வயதுப் பையன் சிறைக் குளிரில் நிமோனியா வந்து போய்விட்டான். இரண்டு பேருக்கும் ஜோஹன்னஸ்பர்க்கில் நினைவுக் கல் இருக்கிறது.

கடைக்காரன்

தாத்தா, மன்னிக்கவும். வள்ளியம்மை எங்கே, கேஸ் சிலிண்டர் திருடியவன் எங்கே. அந்தப் பெண் பெயரை இதில் இழுக்காதீர்கள்.

டோங்காட்_தாத்தா

சரி, அது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். வயதாகிவிட்டால் எதை எடுத்தாலும் வள்ளியம்மையில்தான் போய் நிற்கிறது.

வேறொன்று சொல்கிறேன். எங்கள் கோவிலுக்கு இப்படி ஒருவன் வந்தான், ஆறேழு வருடம் உள்ளே இருந்தவன். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றும்போது ஆள் பற்றாக்குறை, அவனை அண்டா கழுவப் போட்டோம். முதல் வருடம் கழுவினான். இரண்டாம் வருடமும் அண்டாதான். உண்டியல் பக்கம் போனால் நாலு கண் கூடவே போகும், அவனுக்கும் தெரியும். கமிட்டியில் அவனைப் பற்றிப் பெரிய சண்டை, ஒருவர் ராஜினாமாவே செய்தார். மூன்றாம் வருடம் கஞ்சி அடிபிடிக்காமல் கிண்டத் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான் என்று ஆகிவிட்டது. இன்றைக்கும் உண்டியல் சாவி அவனிடம் இல்லை, அவன் கேட்டதும் இல்லை. ஆனால் அவன் வராத வெள்ளிக்கிழமை ஏன் வரவில்லை என்று நாலு பேர் கேட்கிறார்கள்.

நர்ஸ்_சாட்ஸ்வொர்த்

அண்ணா, மற்றதெல்லாம் அவர்கள் சொல்லிவிட்டார்கள், நான் உயிர் போகிற விஷயத்தைச் சொல்கிறேன். சுகர்ஸ் என்றால் பாதிக்கு மேல் கலப்படம் செய்த மட்டமான ஹெராயின், கலந்திருப்பது என்ன என்பது விற்கிறவனுக்கே தெரியாது. உங்கள் தம்பி உள்ளே மூன்று வருடம் எடுக்காமல் இருந்திருந்தால் (உள்ளேயும் கிடைக்கும், அது வேறு கதை) உடம்பு தாங்கும் அளவு குறைந்துபோயிருக்கும். வெளியே வந்து பழைய அளவையே ஒரு தடவை எடுத்தாலும் மூச்சு நின்றுவிடலாம். வெளியே வந்த முதல் இரண்டு வாரங்கள்தான் ரொம்ப மோசமானவை, இது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். எனவே தடுக்கி விழுந்துவிட்டேன் என்று அவன் வந்து சொன்னால் கத்தாதீர்கள், கத்தினால் அடுத்த தடவை பாத்ரூமில் பூட்டிக்கொண்டு எடுப்பான், நீங்கள் கதவை உடைக்கும்போது நேரம் போயிருக்கும். மெதடோன் (ஹெராயின் ஏக்கத்தை அடக்க டாக்டர் கொடுக்கும் மருந்து) சிகிச்சை பற்றி முன்னாலேயே விசாரித்து வையுங்கள். டர்பனில் பெல்ஹேவன் என்ற மையம் இதற்காகவே இருக்கிறது, 2020 ஊரடங்கில் தெருவில் இருந்தவர்களுக்காக ஆரம்பித்தது. முகாமில் அடைத்துச் சுத்தம் செய்து அனுப்புகிறோம் என்று பணம் கேட்கிற இடங்களில் கவனமாக இருங்கள், எங்கள் உறவில் ஒருவரை அப்படி ஓர் இடத்தில் சேர்த்து, பணமும் போய் பையனும் ஒரு வாரத்தில் பழையபடி ஆனான்.

அம்மாவிடம் ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள். கையில் காசு கொடுக்கக் கூடாது. ஷூ வேண்டுமா, ஷூ வாங்கிக் கொடுங்கள். இருபது ரேண்ட் நோட்டு வேண்டாம்.

வேலை விஷயம் கொஞ்சம் கசப்பு. பத்து வருடம் கழித்துக் குற்றப் பதிவை அழிக்க விண்ணப்பிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அது பெரும்பாலும் அபராதம், ஒத்திவைத்த தண்டனை மாதிரியான சின்ன வழக்குகளுக்கு. அபராதம் கட்டித் தப்பிக்கும் வழி இல்லாமல் நேரடியாகச் சிறை போட்டிருந்தால் அந்த வழி மூடியிருக்கிறது, ஜனாதிபதி மன்னிப்பு ஒன்றுதான் பாக்கி. அழித்துத் தருகிறேன் என்று பணம் கேட்கும் ஆட்களிடம் மாட்டாதீர்கள். போலீஸ் சான்றிதழ் கேட்காத வேலை, டைல்ஸ், பெயிண்ட், தெரிந்தவர் கராஜ், அங்கேதான் ஆரம்பிக்க முடியும். அடையாள அட்டை தொலைந்திருந்தால் முதலில் அதை எடுங்கள், அது இல்லாமல் வேலை இல்லாதவர்களுக்கான அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பதுகூடக் கஷ்டம். 1910-இலிருந்து இருக்கும் நிக்ரோ அமைப்பையும் கேட்டுப்பாருங்கள், வெளியே வருகிறவர்களுக்கும் குடும்பத்துக்கும் வேலை செய்வது அவர்கள் தொழில்.

பீனிக்ஸ்_மூத்தவன்

எல்லாருக்கும் நன்றி, திட்டிய கடைக்காரர் அண்ணனுக்கும் சேர்த்துத்தான். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

அந்த வீடு எங்கே என்று கேட்டீர்கள். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. அந்த ஆன்ட்டி எங்கள் கல்யாணத்துக்கு வந்தவர். மூன்று வருடமாக அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு கடைக்குப் போகிறேன், அதை யாரிடமும் சொன்னதில்லை. உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை போனேன். கேட்டைத் திறக்கவில்லை, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றே பேசினார். அவனை என் கண்ணில் படாமல் பார்த்துக்கொள், என்னிடம் மன்னிப்புக் கேட்க அனுப்பாதே, இப்போது வேண்டாம் என்றார். அப்புறம் அம்மாவின் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

மனைவியிடம் ரொட்டிக் கதையைப் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு மூன்று நிபந்தனை போட்டாள். பிள்ளைகளோடு அவன் தனியாக இருக்கக் கூடாது. ஒரு தடவை ஏதாவது காணாமல் போனாலும் அதிகாரிக்குப் போன் போடுவது அவள், நான் தடுக்கக் கூடாது. அம்மாவின் பென்ஷன் கார்டு அவளிடம் இருக்கும். மூன்றுக்கும் ஒத்துக்கொண்டேன். அம்மா மூன்றாவதற்கு மட்டும் சண்டை போட்டார், இன்னும் முடியவில்லை.

அந்த அதிகாரி வியாழக்கிழமை வருகிறார். பின்னால் இருக்கும் தையல் மெஷின் அறையைக் காலி செய்கிறோம். அதற்கு வெளியே போக ஒரு கதவு இருக்கிறது, அதை அடைத்துவிட வேண்டுமா அல்லது அப்படியே விடலாமா? அவர்கள் ஏதாவது சொல்வார்களா, தெரிந்தவர்கள் வியாழனுக்குள் சொல்லுங்கள்.

வெளியே_வந்தவன்

விடுங்கள் அண்ணா, அடைக்க வேண்டாம். சாவி மட்டும் அண்ணியிடம் இருக்கட்டும்.