வெயில் எறிச்சால் இன்வெர்ட்டர் நிக்குது, மின்சார சபைக் காசும் பாதியாப் போச்சு (5 கிலோவாட், திருகோணமலை உப்புவெளி)

உப்புவெளியான்:
கூரைச் சோலார் 5 கிலோவாட், சிங்கிள் பேஸ், நெட் அக்கவுண்டிங் (எடுத்த யூனிட்டைக் கழிச்சு, மிச்சத்துக்குச் சபை காசு தரும்). ஒப்பந்தம் 2018 மார்ச். 11 மணிக்கும் 2 மணிக்கும் இடையில இன்வெர்ட்டர் (பனலின் டிசி கரண்டை வீட்டு ஏசி ஆக்கிற பெட்டி) சிவப்பு லைட் போட்டு நிக்கும், ரெண்டு நிமிஷத்தில வரும், திரும்ப நிக்கும். மப்பான நாளில ஒரு குறையும் இல்லை. போன வருஷம் இதே மாதம் 210 யூனிட் மிச்சம், வரவு 4,620 ரூபாய். இந்த முறை 150 யூனிட், 2,325 ரூபாய். இன்வெர்ட்டர் பழுதா, இல்லை சபை தூரத்திலிருந்து நிப்பாட்டுதா? பூட்டின ஆக்கள் "பனலைக் கழுவுங்கோ" என்றதோட சரி.

ஓம்மீற்றர்:
முதல்ல காசைப் பிரிச்சுப் பாருங்கோ தம்பி. குறைஞ்சது 2,295. 2016இல் தொடங்கின சூரிய பல சங்கிராமய என்ற அரசாங்கக் கூரைச் சோலார் திட்ட ஒப்பந்தங்களில் முதல் 7 வருஷம் யூனிட்டுக்கு 22 ரூபாய், 8ஆம் வருஷத்திலிருந்து 20ஆம் வருஷம் வரை 15.50. உங்களுக்கு 2025 மார்ச்சோட அந்த 7 முடிஞ்சுது. 210 × 6.50 = 1,365 ரூபாய் அதாலதான் போச்சு, எந்த ரிப்பேரும் அதைத் திருப்பித் தராது. தேடவேண்டியது மிச்சம் 60 யூனிட், 930 ரூபாய்.

சபை நிப்பாட்டேல்லை. 2025 சித்திரை வருஷப்பிறப்பு நாட்களில் மின்தேவை விழும் என்று பகலில சோலாரை நிறுத்தச் சொன்னது உண்மை, ஆனால் அது அறிவித்தல் விட்டுக் கேட்டது. நல்ல வெயிலில மட்டும் நிண்டு நிண்டு வாறது ஓவர் வோல்ட்டேஜ். இன்வெர்ட்டர் கரண்டை வெளியே தள்ள, தன்ர முனையில வோல்ட்டேஜ் ஏறும். எல்லை தாண்டினால் தானே கழன்றுவிடும். மெனுவில அந்த எல்லையையும் எரர் லொக்கையும் (பிழைப் பதிவு) பாருங்கோ, அனேகமா 253 வோல்ட் இருக்கும். சூட்டால வாற குறைப்பு என்றால் உற்பத்தி வரைபடம் மேலே தட்டையாகும், இப்பிடிப் பூச்சியத்துக்கு விழுந்து எழும்பாது.

மெயின் சுவிட்சைத் திறந்து அளக்கிறதுக்கு எலெக்ட்ரீசியன் வேணும். 11 மணி போல, ஓடிக்கொண்டிருக்கேக்க மூன்று அளவு: இன்வெர்ட்டரின் ஏசி முனையில, மெயின் சுவிட்சில, பிறகு சோலாரை நிப்பாட்டிப்போட்டுத் திரும்ப மெயின் சுவிட்சில. ஏசி வயரின் தடிப்பும் நீளமும் வேணும். சபை மீற்றர் முத்திரையில கை வைக்காதேங்கோ.

உப்புவெளியான்:
எல்லை 253தான். 4.2 கிலோவாட் ஓடேக்க இன்வெர்ட்டரில 252, மெயின் சுவிட்சில 243. சோலார் நிப்பாட்டினால் 239. வயர் 4 சதுர மில்லிமீற்றர் செம்பு, 35 மீற்றர். சபையில முறைப்பாடு போடட்டா?

ஓம்மீற்றர்:
இப்ப போட்டு வேலையில்லை. 230க்கு 6 சதவீதம் மேலே, அதாவது 243.8 வரைக்கும் சபைக்கு இடமிருக்கு. சோலார் நிப்பாட்டின பிறகும் அதுக்கு மேல நிண்டால்தான் ட்ரான்ஸ்போமர் டப்பை (அது வெளியே விடுற வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கிற படி) இறக்கவோ, பேஸ் மாத்தவோ கேட்கலாம். டப்பை இறக்கினால் இரவு 7 மணிக்கு லைன் கடைசி வீடுகளில வோல்ட்டேஜ் குறையும், அதால லேசில செய்யமாட்டினம்.

252க்கும் 243க்கும் இடையில உள்ள உங்கட 9 வோல்ட் வீட்டுக்குள்ளதான் இருக்கு. 4 சதுர மில்லிமீற்றர் செம்பு கிலோமீற்றருக்கு 4.6 ஓம். போய்வர 70 மீற்றர், 0.32 ஓம். 4,200ஐ 252ஆல் பிரிச்சால் 16.7 அம்பியர். பெருக்கினால் 5.3 வோல்ட், வயர் சூடு சேர்த்து 6 என்று வையுங்கோ. மிச்ச 3 வோல்ட் ஏதோ ஒரு இணைப்பில விழுது. 3 வோல்ட்டும் 16.7 அம்பியரும் என்றால் 50 வாட், சின்ன சோல்டரிங் அயன் ஒன்று பெட்டிக்குள்ள எரியிற மாதிரி. இன்றைக்கே பாக்கவேண்டிய விஷயம்.

கடற்கரை வயர்மன்:
ஏசி ஐசொலேட்டரை (இன்வெர்ட்டரை லைனிலிருந்து பிரிக்கிற சுவிட்ச்) முதல்ல திறவுங்கோ, குறிப்பா நியூட்ரல் பக்கம். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் உப்புக்காத்து வயர் நுழையிற ஓட்டையாலதான் உள்ள போகும். செம்பில பச்சை பூத்திருக்கும், பிளாஸ்டிக் பழுப்பாகியிருக்கும். திறக்க முதல் ஏசியை நிப்பாட்டி, மெயினையும் இறக்கி, அதுக்குப் பிறகு டிசி ஐசொலேட்டர், 5 நிமிஷம் விட்டு டெஸ்டரால பார்த்து. பனல் பக்க எம்சி4 கனெக்டரை வெயிலில ஓட்டத்தோட கழட்டினால் ஆர்க் அடிக்கும், கை போகும்.

உப்புவெளியான்:
சொன்ன மாதிரியே. நியூட்ரல் ஸ்குறூ தளர்ந்து, அடியில பிளாஸ்டிக் உருகியிருக்கு. பூட்டின ஆக்கள் எல்லையை 265 ஆக்கி விடுறோம் எண்டினம். தண்ணி மோட்டரை மத்தியானம் போட்டாலும் உதவுமோ அண்ணை?

ஓம்மீற்றர்:
எல்லையைக் கூட்ட விடாதேங்கோ. ஒப்பந்தத்துக்கு விரோதம், நோய் அப்பிடியே இருக்கும், உருகுறதும் நிக்காது. மோட்டர் உதவும், ஆனால் காசில இல்லை. நெட் அக்கவுண்டிங்கில எடுத்த யூனிட்டும் குடுத்த யூனிட்டும் ஒன்றுக்கொன்று கழியும், எந்த நேரம் ஓட்டினாலும் கணக்கு ஒன்றுதான். ஆனால் வெளியே போற கரண்ட் 4 அம்பியர் குறையும், வோல்ட்டேஜ் கொஞ்சம் இறங்கும். நெட் பிளஸ்காரருக்கு மோட்டரால வில்பனை யூனிட்டே மாறாது, உற்பத்தி முழுக்கத் தனி மீற்றரில சபைக்குப் போகும்.

கடற்கரை வயர்மன்:
வயரை 10 சதுர மில்லிமீற்றர் ஆக்குங்கோ. 0.32 ஓம் 0.13 ஆகும், முழு ஓட்டத்திலயும் 3 வோல்ட்டுக்குள்ள நிக்கும். இன்வெர்ட்டர் பிளக்கில 10 நுழையாது. ஐசொலேட்டரை இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில வைச்சு, அதுவரை 10, கடைசி அரை மீற்றருக்கு 6. பெட்டி ஐபி65 (தூசி, தண்ணி புகாதது), வயர் கீழ்ப்பக்கத்தால கிளாண்டோட (வயரைச் சுத்தி ஓட்டையை இறுக்கி அடைக்கிறது). வயர் நுனிக்கு வெள்ளீயம் பூசின லக்கு (உலோக முனை) அடியுங்கோ, வெறும் செம்பு இங்க ரெண்டு மாரி தாங்காது. மேற்குச் சுவர் என்றால் இடத்தையும் மாத்துங்கோ, கச்சான் காத்துக் காலத்து வெக்கையில பெட்டிக்குள்ள அவியும்.

உப்புவெளியான்:
வயரும் ஐசொலேட்டரும் மாத்தியாச்சு. மத்தியானம் 4.8 கிலோவாட்டில இன்வெர்ட்டர் 247, மெயின் 244. மூன்று நாளா ஒருக்காலும் நிக்கேல்லை.

ஓம்மீற்றர்:
இனி பில் வாற அன்று மீற்றரில 1.8.0ஐயும் 2.8.0ஐயும் எழுதி வையுங்கோ. முதலாவது சபையிலிருந்து எடுத்தது, இரண்டாவது நீங்கள் குடுத்தது. ஆப்பில காட்டிற உற்பத்தியில 2.8.0 கூடின அளவைக் கழிச்சால் பகலில சோலாரிலிருந்து வீடு தின்றது வரும். ஆப் கணக்கைப் பில்லோட நேரா ஒப்பிட்டுப்போட்டு சபையோட சண்டைக்குப் போகாதேங்கோ.