'வேண்டும்' என்ற ஒரு சொல்லுக்கு ஆங்கிலத்தில் எத்தனை சொற்கள்?

அன்புள்ள தம்பி,

இங்கிலாந்து சென்று மூன்று வாரங்கள் ஆகியும், பிழையின்றிப் பேசியபோதும், அலுவலகத்தில் சிலர் முகம் மாறுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அங்கே 11 ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு மதுரைக்கே திரும்பிவிட்ட எனக்கு அந்த முகமாற்றம் நன்றாகத் தெரியும். காரணம் பெரும்பாலும் கேன், குட், மஸ்ட், ஷுட் போன்ற துணைவினைகள்தாம்.

மாசி வீதிக் கடையில் "அண்ணாச்சி, சில்லறை குடுங்க" என்கிறோம். இலக்கணப்படி அது ஏவல்தான், ஆனாலும் அந்த 'ங்க' மரியாதை முழுவதையும் சுமந்துகொள்கிறது. ஆங்கில வினைக்கு அப்படி ஒரு விகுதி இல்லை. ஆகவே "கிவ் மீ த ஃபார்ம்" என்பதோடு "ப்ளீஸ்" சேர்த்தாலும் கட்டளையின் வாடை முழுதாகப் போவதில்லை, "குட் யூ கிவ் மீ த ஃபார்ம், ப்ளீஸ்?" என்னும்போதுதான் நம் 'ங்க' அங்கே வந்து சேர்கிறது. குட் என்பது கேனின் இறந்தகால வடிவம் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். இங்கே அது காலத்தைக் காட்டவில்லை. ஒருவரையே பன்மையில் அழைத்து நாம் மரியாதை காட்டுவதுபோல, அவர்கள் வினையை இறந்தகால வடிவத்துக்குத் தள்ளி மரியாதை காட்டுகிறார்கள். வுட் யூ என்பதும் அவ்வாறே.

நான் இதை அறியாமல் பட்டதும் உண்டு. முதல் குளிர்காலத்தில் ஹீட்டர் பழுதானபோது, "சரிசெய்து தர வேண்டும்" என்று மனத்தில் நினைத்து, வீட்டு உரிமையாளரிடம் "யூ மஸ்ட் ரிப்பேர் த ஹீட்டர்" என்றேன். நான் கேட்டது வேண்டுகோள். அவர் காதில் விழுந்தது அதட்டல். அதன்பின் பல வாரங்கள் அவர் என்னிடம் நேரில் பேசாமல் கடிதத்திலேயே பதில் சொன்னார். நம் 'வேண்டும்' விருப்பம், தேவை, அறிவுரை, கட்டாயம் ஆகிய எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஆங்கிலத்திலோ மஸ்ட் பேசுபவரே வற்புறுத்துவதாக ஒலிக்கும், ஹேவ் டு பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் விதியைச் சொல்லும், ஷுட் அறிவுரையோடு நிற்கும். சக ஊழியரிடம் மஸ்ட் சொல்வதைத் தவிர்த்துவிடுங்கள்.

எதிர்மறையில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. மருந்துக்கடையில் "யூ டோன்ட் ஹேவ் டு டேக் இட் வித் ஃபுட்" என்றால் உணவோடு சாப்பிட வேண்டியதில்லை, அதாவது எப்படிச் சாப்பிட்டாலும் சரி என்று பொருள். "மஸ்ட் நாட்" என்றால் உணவோடு சாப்பிடவே கூடாது. தமிழில் 'வேண்டியதில்லை', 'கூடாது' என்று இவ்வளவு தெளிவாகப் பிரித்து வைத்திருக்கும் நாம் ஆங்கிலத்தில் இரண்டையும் குழப்பிக்கொள்வது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இன்னொரு இடத்தில் தமிழ்தான் பொதுப்படையாக நிற்கிறது. வீட்டில் அம்மா "மேலூர் பஸ் வந்திருக்கணும்" என்றால், வந்துவிட்டது என்று ஊகிக்கிறாரா, இன்னும் வரவில்லையே என்று கவலைப்படுகிறாரா என்பதைக் குரல்தான் சொல்லும். ஆங்கிலத்தில் முதலாவது மஸ்ட் ஹேவ், இரண்டாவது ஷுட் ஹேவ். உங்கள் மேலாளரிடம் "யூ ஷுட் ஹேவ் சீன் மை மெயில்" என்று நீங்கள் எழுதினால், பார்த்திருப்பீர்கள் என்று நீங்கள் நினைத்து எழுதியதை, ஏன் பார்க்கவில்லை என்ற குறையாக அவர் படிக்கக்கூடும்.

"கேன் ஏபிள் டு" என்று சேர்த்துச் சொல்லாதீர்கள். இரண்டில் ஒன்று போதும்.

கடைசியாக, மேலாளர் "யூ மைட் வான்ட் டு செக் திஸ் அகெய்ன்" என்றால், விரும்பினால் பார்க்கலாம் என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் அது, "இதைத் திரும்பப் பார்த்துச் சரிசெய்யுங்க" என்று அவர் மரியாதையாகச் சொல்வதுதான்; அன்றைக்கே சரிபார்த்துக் கொடுத்துவிடுங்கள்.