‘ஃபிஸ்கல் டிரான்ஸ்பரன்சி’க்கு ‘நிதி வெளிப்படைத்தன்மை’ போதுமா?

ஐயா, வணக்கம்.

‘ஃபிஸ்கல் டிரான்ஸ்பரன்சி’க்கு, அதாவது அரசு தன் வரவு செலவுக் கணக்கை மக்களுக்குத் திறந்து காட்டுவதற்கு, ‘நிதி வெளிப்படைத்தன்மை’ என்று இருக்கிற சொல்லே போதும், புதிது எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அரசுக் கணக்கு திறந்திருந்தால் மக்கள் நலவாழ்வுக்கு (ஹெல்த்) போகும் பணம் என்ன ஆகிறது என்று ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது.

‘நிதி’ எங்கு வேண்டுமானாலும் போய் ஒட்டிக்கொள்ளும். கம்பெனியின் ஃபைனான்ஸும் நிதி, நன்கொடையாக வரும் ஃபண்டும் நிதி. ‘மருத்துவமனைகளின் நிதி வெளிப்படைத்தன்மை’ என்றால் கணக்குக் காட்டுவது மருத்துவமனையா, அரசா? இலங்கைத் தமிழில் இந்தக் குழப்பம் இல்லை. அங்கே ஃபிஸ்கல் பாலிசி, அதாவது அரசின் வரி, செலவுக் கொள்கை, ‘இறைக் கொள்கை’. இறை என்றால் வரி, சோழர் கல்வெட்டுகளின் ‘இறையிலி’ நிலம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் ‘இறை வெளிப்பாடு’ என்று எழுதிப் பாருங்கள், ஆன்மிகச் சொற்பொழிவு ஆகிவிடும்! ‘அரசிறை’ தப்பிக்கும். என்றாலும் அதில் வரவுதான் முன்னால் நிற்கிறது. நமக்கு வேண்டியது செலவு. அதனால் ‘அரசுநிதி’ என்று வைத்துக்கொள்கிறேன்.

அடுத்தது ‘வெளிப்படை’. ஆயிரம் பக்கத்தை ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டாலும் அது வெளிப்படைதான், ஒன்றும் புரியாது. பட்ஜெட்டில் ஒதுக்கியது ஒன்று, விடுவித்தது ஒன்று, செலவானது இன்னொன்று. நடு ஆண்டில் பணத்துக்குத் தட்டுப்பாடு வந்தால் சம்பளத்தில் கைவைப்பது கடினம், கட்டடத்துக்குத் திறப்பு விழா உண்டு; மருந்தும் நோய்த்தடுப்பும்தான் சத்தமில்லாமல் வெட்டுப்பட வசதியானவை. நாடுகளின் பட்ஜெட் எவ்வளவு திறந்திருக்கிறது என்று அளக்கும் ‘திறந்த பட்ஜெட் ஆய்வு’ (ஓபன் பட்ஜெட் சர்வே), பட்ஜெட்டோடு நிற்காமல் தணிக்கை அறிக்கை வரை எட்டு ஆவணங்களைக் கேட்பது சும்மா இல்லை. 2001இல் நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் ஆப்பிரிக்க நாடுகள் பட்ஜெட்டில் குறைந்தது 15 சதவீதத்தை நலவாழ்வுத் துறைக்குத் தருவதாக உறுதி கூறின. அந்த 15இல் வெளிநாட்டு உதவியும் சேருமா? ஒதுக்கீட்டைப் பார்ப்பதா, செலவைப் பார்ப்பதா? கணக்கு தெளிவாக இல்லாவிட்டால் உறுதிமொழியைச் சரிபார்க்கவே வழியில்லை. (தெளிவு வந்தால் செலவு தானாகக் கூடிவிடும் என்று நான் சொல்லவில்லை. வெட்டு எங்கே விழுந்தது என்று தெரியும், அவ்வளவுதான்.)

ஆக, என் பரிந்துரை ‘அரசுநிதித் தெளிவு’. தெளிந்த நீரில்தானே அடிமணல் தெரியும்? ஒரு குறை உண்டு: வினையாக்கினால் ‘தெளிவுபடுத்து’ என்று வேறு பொருளுக்குப் போய்விடுகிறது.

அப்புறம், ‘பொதுச் சுகாதாரச் செலவு’ என்பதையும் விட்டுவிடலாம். சுகாதாரத்துக்கு அரசு செய்யும் மொத்தச் செலவா, தடுப்பூசி, கொசு ஒழிப்பு போன்ற பொதுச் சுகாதாரப் பணிகளுக்கான செலவா என்று அது சொல்வதில்லை. ‘மருத்துவச் செலவு’ என்றாலோ தடுப்பூசி வெளியே நிற்கும். ‘அரசின் நலவாழ்வுச் செலவு’ சரிவரும்.

ஒன்றில்தான் மாட்டிக்கொண்டேன். அந்த எட்டு ஆவணங்களில் ஒன்றான ‘இன் இயர் ரிப்போர்ட்’டுக்கு ‘இடையாண்டு அறிக்கை’ என்று போட்டேன். இன்னொன்றான ‘மிட் இயர் ரிவியூ’வுக்கும் அதே சொல்தான் வாயில் வருகிறது. முதலாவது மாதாமாதமோ காலாண்டுக்கு ஒருமுறையோ வருவது, இரண்டாவது ஆண்டின் பாதியில் ஒரே ஒருமுறை. பிரித்துக்காட்டும் சொல் உங்களிடம் இருக்கிறதா?