சின்ன கேமராவுக்குத் தோல் உறை: அளவு பார்த்து வாங்குவது எப்படி? (அனுபவப் பகிர்வு)

கையடக்கம்:
தோல் உறை வாங்கி ஏமாறுபவர்கள் பெரும்பாலும் பெட்டியில் போட்டிருக்கும் மாடல் பெயரை நம்பித்தான் ஏமாறுகிறார்கள். "சோனி ஆர்எக்ஸ்100-க்கு" என்று விற்கும் உறையையே எடுத்துக்கொள்ளுங்கள். மார்க் 7 வரை அகலம் 101.6, உயரம் 58.1 மி.மீ. என்பது மாறவே இல்லை. தடிமன் மட்டும் ஏறிக்கொண்டே வந்தது. முதல் மாடல் 35.9, மார்க் 2 38.3, மார்க் 3 முதல் 5 வரை 41.0, மார்க் 6, 7 இரண்டும் 42.8. முதலுக்கும் கடைசிக்கும் கிட்டத்தட்ட 7 மி.மீ. வித்தியாசம். முதல் மாடலுக்குத் தைத்த உறையில் மார்க் 7-ஐத் திணித்தால் பட்டன் மூடாது. மார்க் 7 உறையில் முதல் மாடலைப் போட்டால் உள்ளே ஆடும்.

ரிக்கோவிலும் இதே கதை. ஜிஆர் 2-இன் அகலம் 117 மி.மீ., ஜிஆர் 3-க்கு 109.4. ஃபூஜி எக்ஸ்100வி 53.3 தடிமன், எக்ஸ்100விஐ 55.3. உங்களிடம் இருக்கும் கேமராவையும் உறையையும் வைத்து, எது எங்கே பிடிக்கிறது, எது எங்கே தளர்கிறது என்று எழுதுங்கள். விலை பற்றிப் பிறகு பேசலாம்.

தோல்பட்டறை:
கம்பெனி அளவுகளைத் தேர்வுக்கு வைத்துக்கொள்ளுங்கள், தையலுக்கு வேண்டாம். பல இடங்களில் அந்த அளவு பட்டன், டயல் போன்ற துருத்தல்களை விட்டுவிட்டுத்தான் கொடுக்கப்படுகிறது. ஒட்டுப்பிடி, கட்டைவிரல் பிடி, மணிக்கட்டுக் கயிற்றின் முடிச்சு எதுவும் அதில் வராது.

சரியான அளவுக்கு ஒரு காகிதப் பட்டை போதும். 2 செ.மீ. அகலத்தில் வெட்டி, கேமராவின் மிகத் தடித்த இடத்தில், அதாவது லென்ஸ் மேல் வருகிற மாதிரி, ஒரு சுற்றுச் சுற்றிக் குறி போடுங்கள். இறுக்கவும் வேண்டாம், தொங்கவும் வேண்டாம். அந்தச் சுற்றளவில் பாதிதான், தட்டையாக வைத்த உறையில் இரு பக்கத் தையலுக்கும் இடையே உங்களுக்கு வேண்டிய உள் அகலம். எந்தப் பக்கம் சுற்றுவது என்பது உறையின் வாயைப் பொறுத்தது. நீளப் பக்கம் வாய் என்றால் அகலத்தையும் தடிமனையும் சுற்ற வேண்டும். குட்டைப் பக்கம் வாய் என்றால் உயரத்தையும் தடிமனையும்.

காகிதம் இல்லாமல் மதிப்பிட: அகலம் + தடிமன். மார்க் 7-க்கு 101.6 + 42.8 = 144.4. ஆழம்: உயரம் + தடிமனில் பாதி, சுமார் 79.5. இது கேமராவைச் செங்கல் போல நினைத்துப் போட்ட கணக்கு, அதனால் உண்மையான சுற்றளவு கொஞ்சம் குறைவாகத்தான் வரும். காகிதம் சொல்வதையே நம்புங்கள்.

புதுவரவு:
அண்ணே, ஆன்லைனில் ஒரு பை பார்த்தேன், "16 செ.மீ. அகலம்" என்று மட்டும் போட்டிருக்கிறது. உள் அளவா வெளி அளவா என்று இல்லை. மார்க் 7-க்குச் சரியாக வருமா?

தோல்பட்டறை:
ஒன்றும் சொல்லாவிட்டால் வெளி அளவு என்று எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. 160 மி.மீ.-இல் தையல் விளிம்புக்குப் பக்கத்துக்கு 5 வீதம் 10 போகும். மீதி 150. தோல் 1.5, லைனிங் 0.8, ஆக 2.3 மி.மீ. சுவர் வளையும்போது உள்ளே இன்னும் 3 முதல் 4 மி.மீ. தின்னும். கையில் நிற்பது 146. உங்களுக்கு வேண்டியது 144. சரியாக வரும், ஆனால் மணிக்கட்டுக் கயிற்றை உள்ளே சுருட்டி வைக்க இடம் இருக்காது. கயிறு வெளியே தொங்கட்டும். லென்ஸ் மேல் மடிந்து கிடந்தால் லென்ஸை மூடும் மெல்லிய தகடுகளை அது அழுத்தும். அந்தத் தகடு ஒன்று நெளிந்தாலும் பாதி திறந்து நின்றுவிடும்.

விற்பவரிடம் ஸ்கேல் வைத்து ஒரு படம் கேளுங்கள். அனுப்ப மறுத்தால் விட்டுவிடுங்கள்.

தெருப்படம்:
தளர்ச்சியைப் பலர் பெரிதாக நினைப்பதில்லை. இறுக்கத்தைவிட அதுதான் கேமராவைக் கெடுக்கிறது. உள்ளே 4, 5 மி.மீ. ஆடினால் நடக்கும் ஒவ்வொரு அடிக்கும் மூலைகள் உரசும், கறுப்புப் பெயின்ட் போய் உலோகம் தெரியும். உறையின் அடியில் சேரும் மண் துகள் திரையைக் கீறும். உறையை மாதம் ஒருமுறை உள்புறம் வெளியாகத் திருப்பித் தட்டுங்கள். திருப்ப முடியாத கெட்டி உறை என்றால் வேக்குவம் கிளீனர் முனையை விட்டு எடுக்கலாம்.

இறுக்கமான உறையின் ஆபத்து வேறு. கேமராவை உள்ளே தள்ளும்போது பவர் பட்டன் அழுந்தும், லென்ஸ் வெளியே வர முயலும், தோல் தடுக்கும். சின்ன மோட்டாரும் பிளாஸ்டிக் பல்சக்கரமும் அந்த முட்டுக்கட்டையைத் தாங்க முடியாமல் லென்ஸ் எரர் வந்து நிற்கும். பட்டன் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் வாயில் இருக்கும்படி உறை எடுங்கள். மூடும் மடலும் பட்டன் மேல் இறுக்கமாக உட்காரக் கூடாது.

சோதிக்க ஒரு வழி: மடலைத் திறந்து, மெத்தைக்கு மேல் உறையைக் கவிழுங்கள். கேமரா தானாக, மெதுவாக வழுக்கி வந்தால் பொருத்தம் நன்று. சட்டென்று விழுந்தால் தளர்வு. உதறினாலும் வராத புது உறை உடனே தள்ளுபடி இல்லை. லைனிங் இல்லாத தோல் புழக்கத்தில் 1, 2 மி.மீ. இளகும். அதற்கு மேல் இளகாது.

ஜிஆர் வைத்திருப்பவர்கள் லைனிங்கைத் தொட்டுப் பாருங்கள். அந்தக் கேமராவுக்குத் தூசு, ஈரத் தடுப்பு கிடையாது. லென்ஸ் நீண்டு சுருங்கும்போது காற்றோடு நுண்துகளும் உள்ளே போகும், சென்சாரில் உட்காரும். நார் உதிரும் ஃபெல்ட், மலிவான வெல்வெட் வேண்டவே வேண்டாம். கறுப்புத் துணியால் உள்ளே அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், உதிர்வது கண்ணுக்குத் தெரியும். நெருக்கமாக நெய்த மைக்ரோஃபைபர், அல்லது லைனிங்கே இல்லாத வழவழப்பான தோல் நல்லது.

அரையுறை:
அடிப்பகுதி மட்டும் மூடும் அரை உறை பற்றி யாரும் சொல்லவில்லை. அதில் பார்க்க வேண்டியது திருகு. டிரைபாட் துளை எல்லாச் சின்ன கேமராவிலும் கால் அங்குலம்தான், ஆனால் துளையின் ஆழம் மிகக் குறைவு. 5.5 மி.மீ.-க்குக் குறைவான திருகுதான் போட வேண்டும் என்று சோனி தன் கையேடுகளில் சொல்கிறது. உறையின் அடியைத் தாண்டி உள்ளே நீளும் திருகை மட்டும் காலிப்பரில் அளங்கள். 4.5 மி.மீ. இருந்தால் போதும்.

அடுத்து பேட்டரிக் கதவு. ஆர்எக்ஸ்100, ஜிஆர், எக்ஸ்100 மூன்றிலும் அது அடியில்தான். அடியில் வெட்டு இல்லாத உறை என்றால் ஒவ்வொரு முறை கார்டு எடுக்கவும் திருகைக் கழற்ற வேண்டும். வெட்டு இருந்தால் கதவு முழுதாக விரிகிறதா என்று பாருங்கள், முக்கால்வாசி திறந்தால் கீல் ஒடியும். திரை சாயும் மாடல்களில் பின் விளிம்புத் தோல் 2 மி.மீ. உயர்ந்து நின்றாலும் திரையைக் கீழ்நோக்கிச் சாய்க்க முடியாது. 4கே வீடியோ நீளமாக எடுக்கும்போது அரை உறையைக் கழற்றிவிடுங்கள். உடம்பு வழியாகத்தான் சூடு வெளியேற வேண்டும், தோல் அதைப் பிடித்து வைக்கும்.

காந்தப் பூட்டு மெமரி கார்டை அழித்துவிடும் என்ற பயம் வேண்டாம், ஃபிளாஷ் நினைவகத்தை அது ஒன்றும் செய்யாது. அதே பாக்கெட்டில் காந்தப்பட்டை உள்ள வங்கி அட்டை இருந்தால்தான் கவனம்.

பழைய பெட்டி:
தோலைப் பற்றி. மரப்பட்டை, காய்களின் துவர்ப்பில் பதனிட்ட தோலை நனைத்து அச்சில் வைத்தால் அந்த வடிவத்திலேயே காயும். லென்ஸுக்கு மட்டும் மூக்கு வைத்த உறை இந்தத் தோலில்தான் வரும். குரோம் உப்பில் பதனிட்ட தோல் மென்மையானது, தண்ணீரையும் ஓரளவு தாங்கும், ஆனால் வடிவம் நிற்காது, பை மாதிரித்தான் தைக்கலாம். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிடும் தோல் நம்ம ஊர்ச் சரக்கு, திண்டுக்கல், ஈரோடு பக்கத்துப் பெயர் பெற்ற தொழில். சென்னைப் பெரியமேட்டுத் தோல் கடைகளில் தேடுபவர்கள் 1.4 முதல் 1.6 மி.மீ. கேளுங்கள், ஒரு சின்ன உறைக்கு ஒரு சதுர அடி தாராளம்.

பட்டையில் பதனிட்ட தோலுக்கு அமிலத் தன்மை உண்டு. அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும். பழைய கேமராக்களின் தோலுக்கு அடியில் சின்னச் சின்ன மேடு தெரிவதும் பித்தளை ஆணியில் ஏறிய இந்தக் களிம்பால்தான். பட்டன், வளையம் எல்லாம் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும்.

"தோல்" என்று விற்கும் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கை வெட்டு விளிம்பில் கண்டுபிடிக்கலாம். தோலென்றால் நார் நாராக இருக்கும். பிளாஸ்டிக் என்றால் துணிமேல் ஒட்டிய படலமாகத் தெரியும். கடலோர ஈரத்தில் அந்தப் படலம் பிசுபிசுத்து உரியும், உரிந்த தூள் நேரே கேமராவில்.

மழைக்காலம்:
ஐப்பசி, கார்த்திகையில் எந்த நல்ல உறையும் கேமராவுக்கு வீடு ஆகாது. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், மூடிய அலமாரியில் பூசணம் முதலில் தோலில், பிறகு லென்ஸில். வீட்டுக்கு வந்ததும் கேமராவை எடுத்து 40 முதல் 50 சதவீத ஈரப்பதம் உள்ள டிரை பாக்ஸில் வையுங்கள், உறை வெளியே காற்றாடக் கிடக்கட்டும். நனைந்த உறையை நிழலில் காய வையுங்கள், வெயிலில் வைத்தால் சுருங்கி விறைக்கும். தேங்காய் எண்ணெய் பூச வேண்டாம். கறை விழும், சிக்கு வாடை வரும், லென்ஸிலும் ஒட்டும்.

புதுவரவு:
நன்றி அண்ணே. அச்சில் வைத்த ஒரு உறை கையில் இருக்கிறது, ஒரு மயிரிழை இறுக்கம். கேமராவை உள்ளே வைத்தே ஈரப்படுத்தலாமா?

தோல்பட்டறை:
கூடவே கூடாது. கேமரா அளவில் ஒரு மரக்கட்டை அல்லது எம்டிஎஃப் (மரநார்ப் பலகை) அடுக்கு ஒட்டி, எல்லாப் பக்கமும் 1 மி.மீ. கூடுதலாக உப்புத்தாளில் உருட்டி எடுங்கள். லென்ஸுக்கு ஒரு வட்டத் துண்டை ஒட்டுங்கள். கட்டையைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, இறுகும் இடத்தில் மட்டும் தோலின் உள்புறத்தை ஈரத் துணியால் ஒற்றிவிட்டு உள்ளே தள்ளி, ஒரு நாள் முழுக்க நிழலில் விடுங்கள். எடுத்த பிறகும் இன்னொரு நாள் வெறுமனே காயட்டும். அதன் பிறகே கேமராவைப் போட வேண்டும்.