வில்லியம்ஸ் பேரி மரம்: பிஞ்சு கறுத்து உதிர்கிறது, எஞ்சிய பழம் உள்ளே பழுப்பாகிறது

ஹாரோவாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் லண்டனின் வடமேற்கே ஹாரோவில் வசிக்கிறேன். வீட்டின் பின்புறம் 9 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள ஒரு சிறிய தோட்டம் இருக்கிறது; மண் கனத்த களிமண். 2019 டிசம்பரில் தென்மேற்கு வேலியோரம் ஒரு வில்லியம்ஸ் பேரிக் கன்றை நட்டேன். குயின்ஸ் ஏ வேர்ச்செடியில் (பேரியைத் தாங்க அடியில் வைக்கும் வேறொரு மர வகை) ஒட்டுக் கட்டியது என்று அட்டையில் எழுதியிருந்தது. மூன்றாம் ஆண்டிலிருந்து பூக்கிறது. கடந்த ஏப்ரலில் இலை தெரியாத அளவுக்கு மரம் வெள்ளையாக நின்றது.

ஆனால் மே மாதத்தில் பெரும்பாலான பிஞ்சுகள் வழக்கத்தைவிட வேகமாகப் பருத்து உருண்டையாகி, அடிப்பக்கத்திலிருந்து கறுத்து உதிர்ந்துவிட்டன. ஒன்றைப் பிளந்து பார்த்தபோது உள்ளே வெளிறிய சிறு புழுக்கள் பல இருந்தன. தப்பிப் பிழைத்த பதினொரு பழங்களையும் மரத்திலேயே மஞ்சளாகட்டும் என்று செப்டம்பர் நடுப்பகுதி வரை விட்டுவைத்தேன். பறித்து அறுத்தால், தோல் குறையில்லாமல் இருக்க, நடுப்பகுதி முழுவதும் பழுப்பு நிறக் கூழாகிக் கிடந்தது.

நான் வத்தலக்குண்டில் வளர்ந்தவன். கொடைக்கானலிலிருந்து இறங்கும் பேரிக்காயைக் கடித்தால் நறுக்கென்று ஒலிக்கும். அதற்குப் பழுக்க வைப்பது என்ற பேச்சே கிடையாது. அதனால் இந்த மரத்தை எப்படி நடத்துவது என்பது எனக்குத் தெரியவில்லை. இதை வெட்டிவிட்டு கான்ஃபரன்ஸ் என்னும் வேறொரு பேரி வகையை நடும்படி பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். ஐந்து ஆண்டுகள் வளர்த்த மரத்தை வெட்ட மனம் ஒப்பவில்லை. இதைக் காப்பாற்ற வழி உண்டா?

கென்ட் ஒட்டுக்கத்தி

வணக்கம் ஐயா. மரத்தை வெட்ட வேண்டாம். நீங்கள் சொன்ன இரண்டு குறைகளில் ஒன்று பூச்சியால் வந்தது, மற்றொன்று பறிக்கும் நாளைத் தவறவிட்டதால் வந்தது. மரத்தின் உடலில் நோய் இருப்பதற்கான அறிகுறி எதையும் நீங்கள் சொல்லவில்லை.

முதலில் பிஞ்சைப் பற்றிச் சொல்கிறேன். இது பேரி மிட்ஜ் என்னும், கொசுவை ஒத்த மிகச் சிறிய ஈயின் வேலை. பூ விரியும் முன்பே, மொட்டு வெளுக்கும் பருவத்தில், அது மொட்டுக்குள் முட்டையிட்டுவிடுகிறது. புழுக்கள் பிஞ்சைக் குடைந்து தின்பதால்தான் அது மற்றப் பிஞ்சுகளைவிட முந்திக்கொண்டு பருக்கிறது. அந்தக் கொழுமையைக் கண்டு மகிழ்ந்துபோகிறவர்கள் பலர். மே மாதத் தொடக்கத்தில் எந்தப் பிஞ்சு அளவுக்கு மீறிப் பருத்திருக்கிறதோ அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பிஞ்சு விழுந்ததும் புழுக்கள் வெளியேறி மண்ணுக்குள் சென்று கூடு கட்டிக்கொண்டு, அடுத்த வசந்தத்தில் ஈயாக எழுந்து, தலைக்கு மேலே உள்ள அதே மரத்துக்குப் போகின்றன. ஆகவே உங்கள் மரத்தடி மண்ணில் இப்போது அடுத்த ஆண்டுக்கான கூட்டம் உறங்கிக்கொண்டிருக்கிறது என்றே கொள்ளுங்கள்.

இந்தச் சுழலை அறுப்பதற்கு மருந்து தேவையில்லை, கண்ணும் கையும் போதும். பூவிதழ்கள் உதிர்ந்த இரண்டாம் வாரத்திலிருந்து இரண்டு நாட்களுக்கு ஒருமுறை மரத்தைச் சுற்றி வந்து, உருண்டு பருத்த பிஞ்சுகளையும் கறுக்கத் தொடங்கியவற்றையும் கிள்ளி ஒரு பையில் போட்டுக் கட்டிக் குப்பையில் சேர்த்துவிடுங்கள். வீட்டு உரக்குழியில் போடாதீர்கள், அங்கேயும் அவை பிழைத்துக்கொள்ளும். மே, ஜூன் மாதங்களில் மரத்தடியில் ஒரு துணி விரிப்பைப் பரப்பிவைத்தால், கண்ணுக்குத் தப்பி விழுபவை மண்ணைச் சேராமல் அள்ளிவிடலாம். கோடையிலும் குளிர்காலத்திலும் மேல்மண்ணை மட்டும் இலேசாகக் கிளறிவிடுங்கள். குயின்ஸ் வேர்கள் மேலாக ஓடுபவை என்பதால் ஆழமாகக் கொத்தக் கூடாது. சிறிய மரம், சிறிய தோட்டம் என்பது இந்த விஷயத்தில் உங்களுக்கு நன்மை. என் வீட்டு மரத்தில் இரண்டு ஆண்டுகள் இடைவிடாமல் இதைச் செய்த பிறகுதான் கூடை நிறையப் பழம் கண்டேன்.

இரண்டாவது குறை பலரும் செய்யும் தவறால் வருவது. ஐரோப்பியப் பேரி, மரத்திலேயே பழுப்பதற்கு ஏற்ற பழம் அல்ல. அது நடுவிலிருந்து வெளிநோக்கிப் பழுக்கிறது. தோல் மஞ்சளாகும் வரை மரத்தில் விட்டால் அதற்குள் நடுப்பகுதி கனிந்து, கடந்து, கூழாகிவிடுகிறது. சதையில் மணல் போல நெருடும் கல் செல்களும் கூடுகின்றன. நம் ஊரில் மாங்காயைச் செங்காயாகப் பறித்து வைக்கோலிலோ அரிசிப் பானையிலோ பழுக்க வைப்போம் அல்லவா, வில்லியம்ஸையும் அப்படியே நடத்த வேண்டும். மரத்தில் முற்ற வேண்டும், வீட்டில் பழுக்க வேண்டும்.

பெர்க்‌ஷயர் வாசகி

மேலே உள்ள பதிலோடு முழுவதும் உடன்படுகிறேன். மகரந்தச் சேர்க்கையைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் மிட்ஜை ஒழித்த பிறகும் காய்ப்பு குறைவாகவே இருந்தால் அடுத்த காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

வில்லியம்ஸ் தன் மகரந்தத்தை மட்டும் நம்பி நிறைவாகக் காய்க்கும் வகை அல்ல. அதே சமயத்தில் பூக்கும் வேறொரு பேரி வகை அருகில் இருக்க வேண்டும். இன்னொரு வில்லியம்ஸை நட்டுப் பயனில்லை. பேரிப் பூவின் தேனில் சர்க்கரை குறைவு என்பதால், அருகே வேறு பூ இருந்தால் தேனீ அங்கே போய்விடும். ஏப்ரல் மாதத்துக் குளிரில் தேனீக்களின் நடமாட்டமும் குறைவு. எனவே துணை மரம் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. மகரந்தம் கிடைக்காத பிஞ்சு சிறியதாகவே இருந்து மஞ்சளாகி உதிரும். உங்களுடையவை பருத்துக் கறுத்தவை. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டால் அடுத்த மே மாதத்தில் எது எதனால் விழுகிறது என்று நீங்களே பிரித்தறியலாம்.

உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன கான்ஃபரன்ஸ் நல்ல வகைதான். அதை வில்லியம்ஸுக்குப் பதிலாக அல்லாமல் துணையாக நடுங்கள். இரண்டும் ஒரே பூக்கும் பிரிவை, அதாவது ஏறத்தாழ ஒரே சமயத்தில் பூக்கும் வகைகளின் பிரிவைச் சேர்ந்தவை. லூயிஸ் பான் ஆஃப் ஜெர்சி என்ற வகையை மட்டும் இந்த நோக்கத்துக்காக வாங்கிவிடாதீர்கள். அதுவும் வில்லியம்ஸும் ஒன்றையொன்று சூல்கொள்ளச் செய்வதில்லை.

நான் இந்த மரத்துக்காக இவ்வளவு பேசுவதற்குக் காரணம் உண்டு. 1770ஆம் ஆண்டு வாக்கில், நான் வசிக்கும் இதே பெர்க்‌ஷயரில், ஆல்டர்மாஸ்டன் என்ற சிற்றூரில் ஸ்டெயர் என்ற பள்ளி ஆசிரியரின் தோட்டத்தில் இந்த வகை தோன்றியது. லண்டனை அடுத்த டர்ன்ஹாம் கிரீனில் நாற்றங்கால் நடத்திய வில்லியம்ஸ் என்பவர் அதைப் பெருக்கி விற்றதால் அவர் பெயரே நிலைத்தது. கடல் கடந்து மாசசூசெட்ஸுக்குப் போன மரத்தின் பெயர் அங்கே யாருக்கும் தெரியாமல் போக, அந்த நிலத்தைப் பின்னாளில் வாங்கிய ஈனாக் பார்ட்லெட் தன் பெயரிலேயே அதைப் பரப்பினார். அமெரிக்கக் கடைகளில் இன்றும் பார்ட்லெட் என்று விற்கப்படுவது இதே பழம்தான். வகை மாறாமல் இருக்க வேண்டுமென்றால் ஒட்டுக் கட்டித்தான் பேரியைப் பெருக்க முடியும் என்பதால், உங்கள் வேலியோரம் நிற்பது அந்த ஆல்டர்மாஸ்டன் மரத்தின் உடலிலிருந்தே கிளை கிளையாக வந்த ஒரு துண்டு. இரண்டரை நூற்றாண்டு கைமாறி வந்ததை ஒரு சிறு ஈக்காக வெட்டக் கூடாது என்பதே என் வேண்டுகோள்.

ஹாரோவாசி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மரம் நிற்கட்டும் என்று முடிவு செய்துவிட்டேன். பெர்க்‌ஷயர் அம்மா எழுதிய வரலாற்றைப் படித்த பிறகு மரத்தடியில் போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

கான்ஃபரன்ஸ் நடுவதற்கு வேலியை ஒட்டி 3 மீட்டர் நீளமுள்ள இடம் மட்டுமே இருக்கிறது. அதில் நட முடியுமா? இன்னொன்று: ஒட்டுப் பகுதியை இன்று கூர்ந்து பார்த்தபோது, தரைக்கு மேலே ஒரு புடைப்பும், அதற்குச் சற்று மேலே இரண்டாவது புடைப்பும் தெரிந்தன. ஒட்டு சரியாகக் கூடவில்லையோ என்று கவலையாக இருக்கிறது. கோடையில் சில இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, இடைப்பகுதி மஞ்சளானதையும் கவனித்திருந்தேன்.

பழமரச் சிநேகிதன்

இரண்டு புடைப்புகள் இருப்பது நல்ல செய்தி ஐயா. வில்லியம்ஸின் தண்டு குயின்ஸ் வேர்ச்செடியோடு நேரடியாக நன்கு கூடுவதில்லை. கூடியது போல் தோன்றினாலும் சில ஆண்டுகள் கழித்துப் பழப்பாரத்திலோ காற்றிலோ ஒட்டிலேயே முறிந்துவிடக்கூடும். அதனால் பொறுப்பான நாற்றங்காலார் குயின்ஸ் மீது முதலில் பேரே ஹார்டி போன்ற, இரண்டோடும் இணங்கும் ஒரு வகையைக் கட்டி, அதன் மீது வில்லியம்ஸைக் கட்டுகிறார்கள். நீங்கள் பார்த்தது அந்த இரட்டை ஒட்டாகத்தான் இருக்கும். எனக்கு இது சொந்த இழப்பில் கிடைத்த பாடம்: ஓர் இடத்தில் மலிவாக வாங்கிய வில்லியம்ஸ் மரம் ஒற்றை ஒட்டாக இருந்திருக்கிறது, ஏழாம் ஆண்டில், கிளைகளில் பழம் தொங்கிக்கொண்டிருந்த ஓர் இரவில், ஒட்டோடு அப்படியே பிரிந்து சாய்ந்தது. அன்றிலிருந்து குயின்ஸ் மீதுள்ள எந்தப் பேரிக்கும் உறுதியான முட்டுக்கம்பை எடுப்பதே இல்லை. உங்கள் மரத்துக்கும் ஒரு முட்டு இருக்கட்டும். ஒட்டுப் பகுதியை ஒருபோதும் மண்ணாலோ மூடாக்காலோ மூடிவிடாதீர்கள்.

நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருப்பது பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைவின் அடையாளம். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் குயின்ஸ் வேர்களால் இரும்பை எடுத்துக்கொள்ள இயலாது. வேலி கட்டியபோது சிமென்ட்டோ கட்டட இடிபாடோ அந்த இடத்தில் கொட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அகற்றிவிட்டு, இலைமக்கைத் தண்டில் படாமல் வளையமாகப் பரப்பி, வறண்ட வாரங்களில் வாளிக் கணக்கில் நீர் விடுங்கள். களிமண் வெடித்துக் காயும் கோடையில் குயின்ஸ் மிகவும் துன்பப்படும்.

3 மீட்டர் வேலி கான்ஃபரன்ஸுக்குப் போதும், ஆனால் குயின்ஸ் சி வேர்ச்செடியில் உள்ளதாகக் கேட்டு வாங்கி, எஸ்பாலியர் முறையில் வளர்க்க வேண்டும். 40 முதல் 45 சென்டிமீட்டர் இடைவெளியில் கிடைக்கம்பிகள் இழுத்து, நடுத்தண்டை நிமிரவிட்டு, ஒவ்வொரு கம்பியிலும் இருபுறமும் ஒவ்வொரு கிளையைப் படுக்கவைத்துக் கட்டுவதுதான் முறை. ஓராண்டில் ஓர் அடுக்குக்கு மேல் ஆசைப்படாதீர்கள். வடிவம் அமைந்த பிறகு கவாத்தின் பெரும்பகுதி ஜூலைக் கடைசியில், அந்த ஆண்டின் தளிர்களைக் குறைப்பதாக இருக்கும். உங்கள் வில்லியம்ஸ் தனித்து நிற்கும் மரம் என்பதால் அதற்குக் குளிர்காலக் கவாத்தே பொருந்தும்.

பழனிமலைத் தோட்டம்

வணக்கம். நான் கொடைக்கானல் மலையிலிருந்து எழுதுகிறேன். ஐயா குறிப்பிட்ட நறுக்கென்ற பேரிக்காயைப் பற்றி ஒரு செய்தி மட்டும். இங்கே பயிராகும் வகைகளில் ஒன்று கீஃபர். சீன மணற்பேரியும் பார்ட்லெட்டும், அதாவது உங்கள் வில்லியம்ஸும், கலந்து அமெரிக்காவின் பிலடெல்பியா அருகே பிறந்ததாக நம்பப்படும் வகை அது. வில்லியம்ஸ் ஒழுங்காகப் பூத்துக் காய்க்கக் குளிர்காலத்தில் மொத்தம் ஏறத்தாழ 800 மணி நேரக் குளிர் தேவை என்பார்கள். 2,100 மீட்டர் உயரத்தில் இருந்தும் எங்கள் குளிர்காலம் அதற்குப் போதாது. கீஃபருக்கு அதில் பாதி போதும், எனவே அது இங்கே நிலைத்துவிட்டது. ஆக, நீங்கள் சிறுவயதில் கடித்ததும் இந்தக் குடும்பத்துப் பழமாகவே இருந்திருக்கக்கூடும். மணற்பேரியின் குணம் மேலோங்கியதால் அது காயாகவே சுவைக்கிறது. வில்லியம்ஸைக் காயாகக் கடித்தால் அந்தச் சுவை வராது.

ஹாரோவாசி

இந்தச் செய்தியை ஊரில் இருக்கும் என் அக்காவுக்கு இன்றே சொல்லப்போகிறேன். கடைசியாக ஒன்று கேட்கிறேன். மரத்தில் மஞ்சளாகக் கூடாது என்றால், பறிக்கும் நாளை எதை வைத்து அறிவது?

கென்ட் ஒட்டுக்கத்தி

தென் இங்கிலாந்தில் ஆகஸ்ட் 20ஐ ஒட்டித் தொடங்குங்கள் ஐயா. பழத்தை உள்ளங்கையில் ஏந்தி, கிடைமட்டம் வரை மெதுவாக உயர்த்துங்கள். காம்பு கிளையிலிருந்து தானாக விடுபட்டால் முற்றிவிட்டது. இழுத்தால்தான் வரும் என்றால் விட்டுவிட்டு நான்கு நாள் கழித்துப் பாருங்கள். அந்த வேளையில் பழம் கடினமாகவும், அடர்பச்சை சற்றே வெளிறியும் இருக்கும். எல்லாம் ஒரே நாளில் முற்றாது, ஆகவே மூன்று நான்கு தவணையாகப் பறியுங்கள்.

பறித்தவற்றைக் குளிர்பெட்டியில் ஒன்றையொன்று நெருக்காமல் வையுங்கள். அங்கே சில வாரங்கள் தாங்கும். தேவைப்படும்போது நான்கைந்தை மட்டும் வெளியே எடுத்து அறையில் வைத்தால் ஒரு வாரத்துக்குள் மஞ்சளாகும். விரைவாக வேண்டுமென்றால் ஒரு வாழைப்பழத்தோடு காகிதப் பையில் இடுங்கள். பழத்தின் வயிற்றை அழுத்திப் பார்க்காதீர்கள், காம்புக்கு அருகே கழுத்தை அழுத்துங்கள். கழுத்து இலேசாக நெகிழ்ந்தால் அன்றே உண்ண வேண்டும். வில்லியம்ஸ் அந்த நிலையில் இரண்டு நாளுக்கு மேல் காத்திருக்காது.